மாட்டு வண்டியும் நெருப்புத் தட்டும்: நெடுஞ்சாலைச் சங்கிலி உணவகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதிகளில் உணவகங்களுக்கு உள்ளலங்கார வேலை எடுத்துச் செய்து தருகிறேன். தொழில் இன்னதென்று தெரிந்ததும், கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காருபவர் முதல் வங்கியில் வரிசையில் நிற்பவர் வரை கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, தொழிலில் பார்த்ததையும் சட்டத்தில் உள்ளதையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சங்கிலி உணவகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? இரண்டு கிளை இருந்தாலே போதுமா?

கிளை இருந்தால் மட்டும் போதாது. பெயர், உணவுப் பட்டியல், செய்முறை, கடையின் தோற்றம் ஆகிய நான்கும் எல்லாக் கிளைகளிலும் ஒன்றாக இருந்தால்தான் அது சங்கிலி. அப்பா ஒரு கடையும் மகன் ஒரு கடையும் நடத்தி, இரண்டிலும் சாம்பார் வேறு வேறாக இருந்தால் அது குடும்பத் தொழில்.

இங்கே பேசப்போவது சங்கிலிகளிலும் நடுத்தர வகையைப் பற்றித்தான். கையேந்தி பவனும் இல்லை, நட்சத்திர விடுதியும் இல்லை. குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, ஆளுக்குச் சில நூறு ரூபாயில் சாப்பிட்டுவிட்டு வரும் இடங்கள். சைவ டிபன் சங்கிலிகள், பிரியாணிச் சங்கிலிகள், மேசை நடுவிலேயே அடுப்பு பதித்திருக்கும் பஃபே சங்கிலிகள், அரபு முறைக் கறிச்சோறான மந்தியைப் பெரிய தட்டில் வைத்து எல்லோரும் சுற்றி உட்காரும் மந்திக் கடைகள் எல்லாம் இதில் அடங்கும்.

நம் பக்கத்தில் மட்டும் ஏன் இத்தனை கடைகள்? கிருஷ்ணகிரியில் அவ்வளவு பேர் வெளியில் சாப்பிடுகிறார்களா?

அந்தக் கடைகள் நம்மை நம்பித் திறக்கப்பட்டவை அல்ல. சென்னையிலிருந்து வேலூர் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 48, பெங்களூரு–ஓசூர்–தர்மபுரி–சேலம் வழியாகக் கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் நெடுஞ்சாலையோடு கிருஷ்ணகிரியில் சேர்கிறது. திருவண்ணாமலை சாலையும் இங்கிருந்துதான் பிரிகிறது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். விடியற்காலையில் அங்கே கிளம்பும் குடும்பத்துக்குக் காலை டிபன் நேரம் ஓசூரைத் தாண்டித்தான் வரும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் இங்கே வரும். மனிதனுக்குப் பசி எடுக்கும் இடம் வரைபடத்திலேயே தெரிந்துவிடுவதால், கடைகள் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டன.

சரி, வழிப்போக்கர்களுக்குத்தான் கடை என்றால் இட்லி, காபி போட்டால் போதாதா? வாசலில் யானை, உள்ளே மாட்டு வண்டி எல்லாம் எதற்கு?

ஊருக்குள் ஒரு மெஸ் நன்றாக இருந்தால் அதற்குப் பெயர்ப்பலகைகூடத் தேவைப்படுவதில்லை. தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றி அப்படிப்பட்ட கடைகளை நீங்களே சொல்வீர்கள். அங்கே சாப்பிட்டவர் பத்துப் பேரிடம் சொல்வார். சாப்பாடு சரியில்லை என்றால் நூறு பேரிடம் சொல்வார். அந்தப் பேச்சே முதலாளியைக் கட்டுப்படுத்தும். நெடுஞ்சாலையில் அந்தப் பேச்சு கிடையாது. காரில் வருபவருக்குச் சமையல்காரரின் கைப்பக்குவம் தெரியாது, கேட்டறிய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் சில நொடிகளுக்குள் இண்டிகேட்டரைப் போட முடிவு செய்ய வேண்டும்.

அந்தச் சில நொடிகளில் தெரியக்கூடியது முகப்பு மட்டும்தான். கழிப்பறை சுத்தமாக இருக்குமா, குழந்தைக்கு விளையாட இடம் இருக்குமா, வண்டி நிறுத்த நிழல் இருக்குமா, நம்மைப் போன்றவர்கள் வந்து போகும் இடமா என்ற கேள்விகளுக்கெல்லாம் முகப்பின் பிரம்மாண்டம் பதில் சொல்வதாக மனம் எடுத்துக்கொள்கிறது. யானை சிலைக்கும் இட்லியின் மென்மைக்கும் தொடர்பில்லைதான். ஆனால் அறிமுகமில்லாதவரிடம் வியாபாரம் செய்யும் எந்தக் கடையும் தோற்றத்தில்தான் பணத்தைக் கொட்டும்; இந்தத் தொழில் முழுவதையும் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

நம் ஊரிலேயே நிஜ மாட்டு வண்டி, திண்ணை, ஓட்டு வீடு எல்லாம் இருக்கும்போது, காசு கொடுத்து பொம்மைக் கிராமத்தை ஏன் பார்க்க வேண்டும்?

நீங்கள் பார்ப்பதற்காக அது கட்டப்படவில்லை. மேலே சொன்னதுபோல, பெங்களூரு அடுக்ககத்திலிருந்து வருபவருக்காகக் கட்டப்பட்டது. அவருடைய குழந்தை வண்டிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பதும், தாத்தா 'எங்கள் வீட்டிலும் இப்படித்தான்' என்று சொல்வதும் அந்தச் சாப்பாட்டின் ஒரு பகுதி.

இருந்தாலும் நம் பாலக்கோட்டுப் பிள்ளைகளும் காவேரிப்பட்டணத்துப் பிள்ளைகளும் அதே வண்டியில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்களே என்று கேட்பீர்கள். நெல் தூற்றிய கைக்கு முறம் என்றால் வேலை. தண்ணீர் சுமந்த இடுப்புக்குக் குடம் என்றால் வலி. உணவகச் சுவரில் மாட்டிய முறத்தில் வேலை இல்லை, அங்கே அடுக்கிய குடங்களில் தண்ணீர் இல்லை, சாணி வாசமோ கொசுவோ இல்லை, குளிர்சாதனம் இருக்கிறது. உழைப்பைக் கழித்துவிட்ட கிராமத்தைக் கிராமத்துக்காரரே ரசிப்பதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. இந்தக் கிராமம் எந்த ஊர்க் கிராமமும் அல்ல. செட்டிநாட்டுத் தூண், கேரளத்துத் தொங்குவிளக்கு, ஆத்தங்குடித் தரைக்கல் போல அச்சிட்ட டைல்ஸ், மதுரைப் பக்கத்து ஐயனார் குதிரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் நிற்கும். நம் பகுதியில் வயல் ஓரங்களில் வரிசையாக நட்டிருக்கும் கல் பலகை வேலி எந்தச் சங்கிலியின் வரைபடத்திலும் வந்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? நம் ஆட்கள் கண்டுபிடித்ததா?

நம்மிடம் திருவிழா மின்விளக்கும் கல்யாணப் பந்தலும் எப்போதும் உண்டு என்றாலும், உணவகத்தையே காட்சிக்கூடம் ஆக்கும் முறை பெரும்பாலும் அமெரிக்கச் சங்கிலிகள் வளர்த்தது. ஆலன் ஸ்டில்மேன் என்பவர் 1965-இல் நியூயார்க்கில் தொடங்கிய டி.ஜி.ஐ. ஃப்ரைடேஸ், சிவப்பு–வெள்ளைக் கோடுகளாலும் வண்ணக் கண்ணாடி விளக்குகளாலும் அடையாளம் பெற்றது. 1971-இல் லண்டனில் திறந்த ஹார்டு ராக் கஃபே, இசைக் கலைஞர்களின் கிதார்களைச் சுவரில் மாட்டியது. 1994-இல் மினசோட்டா மாநிலத்தின் மால் ஆஃப் அமெரிக்காவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் கஃபேயில் செயற்கைக் காடு, அசையும் விலங்குப் பொம்மைகள், இடைக்கிடையே இடியும் மழையும்கூட உண்டு. 1988-இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ், ஒரு முழு வெங்காயத்தைப் பூப்போல அறுத்துப் பொரித்துக் கொடுத்தே பெயர் வாங்கியது. ஆஸ்திரேலிய வேடம் பூண்ட அந்தச் சங்கிலியைத் தொடங்கியவர்கள் அமெரிக்கர்கள்.

நம் நெடுஞ்சாலைக் கடைகளுக்கு மிக நெருங்கிய உறவு என்றால் கிராக்கர் பேரல்தான். டென்னசி மாநிலத்தின் லெபனான் ஊரில் 1969-இல், நெடுஞ்சாலைப் பயணிகளை நம்பித் தொடங்கப்பட்ட கடை அது. அதன் ஒவ்வொரு கிளையிலும் வாசலுக்கு மேலே ஒரு நுகத்தடியும் ஒரு குதிரை லாடமும் தொங்கும். பழைய பொருட்களைச் சேர்த்துப் பழுது நீக்கிக் கிளைகளுக்கு அனுப்புவதற்கென்றே அந்நிறுவனத்துக்குத் தனிக் கிடங்கு உண்டு. 2025 ஆகஸ்டில் அவர்கள் சின்னத்தை மாற்றி உள்தோற்றத்தையும் எளிமையாக்கப் போக, வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததில் சில நாட்களிலேயே பழைய சின்னத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நுகத்தடிக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே வேலைதான்.

அங்கே இருக்கும் ஆட்டுக்கல், உரல், கல் தூண் எல்லாம் உண்மையான கல்லா?

பெரும்பாலும் ஃபைபர். முதலில் களிமண்ணில் உருவம் செய்து அதிலிருந்து அச்சு எடுப்பார்கள்; அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். காய்ந்ததும் கழற்றினால் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடு கிடைக்கும். அதன் மேல் சாம்பல் வண்ணம் அடித்து, கறுப்பையும் வெள்ளையையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டு விரலால் தெறிக்கவிட்டால் கருங்கல்லின் புள்ளிகள் வந்துவிடும். குழவியின் தலையில் மட்டும், கை பட்டுப்பட்டு வழுவழுப்பானதுபோல், வார்னிஷ் கொஞ்சம் கூடுதலாகப் பூசுவோம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், டொக் டொக்கென்று கேட்கும்.

கிரானைட் தொழிலுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் போய்ப் பொய்க் கல்லா என்று சிரிக்க வேண்டாம். உண்மையான ஆட்டுக்கல்லை இரண்டு ஆட்கள் புரட்ட வேண்டும். முதல் மாடியில் பத்துத் தூண் நிறுத்தினால் தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்க வேண்டும். மேலும், சங்கிலி என்றால் எல்லாக் கிளைகளிலும் ஒரே தூண் வேண்டும். கல்தச்சர் செதுக்கினால் இரண்டு தூண் ஒன்றுபோல வராது, அச்சில் வார்த்தால் இருநூறும் ஒன்றுபோல வரும்.

அந்த அலங்காரச் செலவெல்லாம் நம் பில்லில்தானே ஏறுகிறது?

ஏறத்தான் செய்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. அலங்காரம் ஒருமுறைச் செலவு. சில ஆண்டுகளுக்குப் பரவிவிடும். மாதந்தோறும் கழுத்தைப் பிடிப்பவை நெடுஞ்சாலை ஓர நிலத்தின் வாடகை, குளிர்சாதனத்துக்கான மின்கட்டணம், ஆள் சம்பளம் ஆகியவைதாம். இவையெல்லாம் இட்லி விலையில் அதிகமாகத் தெரியாது, ஏனென்றால் இட்லி விலை எல்லோருக்கும் தெரியும். ஒப்பிட முடியாத பெயருள்ள பானங்கள், இனிப்புகள், ஸ்டார்ட்டர்கள் ஆகியவற்றில்தான் லாபம் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி ஜாடியில் புதினா இலை செருகி வரும் எலுமிச்சை சோடாவின் விலையைப் பாருங்கள், புரிந்துவிடும்.

சாப்பாட்டையும் ஏன் வித்தையாகவே கொண்டுவருகிறார்கள்? கோபுரம் போல தோசை, நெருப்போடு கோழி, புகையோடு ஜூஸ் என்று?

ஏனென்றால் சுவையில் வித்தை காட்ட அவர்களுக்கு வழியில்லை. பெரிய சங்கிலிகளில் மாவு, மசாலாக் கலவை, குழம்புகளுக்கான அடிப்படை கிரேவி ஆகியவை மையச் சமையற்கூடத்திலேயே தயாராகிக் குளிரூட்டிய வண்டியில் கிளைகளுக்கு வரும். கிளையில் இருப்பவர் அளவுப்படி சூடாக்கிச் சேர்ப்பார். சேலத்தில் சாப்பிட்டதே ஓசூரிலும் கிடைக்க வேண்டும் என்பதுதான் சங்கிலி கொடுக்கும் வாக்குறுதி; அதனால் ஒரு கிளையின் சமையல்காரர் கூடுதல் திறமைசாலியாக இருந்தாலும், அந்தத் திறமையைக் குழம்பில் காட்ட அவருக்கு அனுமதி இல்லை. எல்லோரும் குறை சொல்லாத மிதமான சுவை என்பது யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத சுவையும்கூட.

அந்த நினைவை வேறு வழியில் உண்டாக்க வேண்டியிருக்கிறது. கூம்பாக நிறுத்திய நெய் ரோஸ்ட், ஒரு முழம் நீளமுள்ள தோசை, மேசை மேல் எரியும் சிறு அடுப்பு, குட்டி மாட்டு வண்டியில் வைத்து வரும் ஸ்டார்ட்டர், தள்ளுவண்டியில் வரும் இனிப்பு எல்லாம் சமையலுக்குப் பிறகு சேர்க்கப்படுபவை. கேமராவுக்கு மணமும் சுவையும் தெரியாது, உயரமும் நிறமும் அசைவும் தெரியும். இதனால் உணவு கெட்டுவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நெய் ரோஸ்ட் கூம்பைப் படம் பிடித்து முடிப்பதற்குள் அது தளர்ந்துவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சிஸ்லர் தட்டு அப்படிச் சத்தம் போடுகிறதே, அது இங்கேயே வேகிறது என்று அர்த்தமா?

இல்லை. உணவு ஏற்கெனவே வெந்தது. வார்ப்பிரும்புத் தட்டைத் தனியாகக் கடுமையாகக் காய்ச்சி, மரப் பலகையில் பொருத்தி, முட்டைக்கோஸ் இலையை விரித்து, அதன் மேல் உணவை அடுக்கி, புறப்படும் நேரத்தில் விளிம்பில் கொஞ்சம் வெண்ணெயோ சாஸோ தண்ணீரோ ஊற்றுவார்கள். அந்த ஈரம் நொடியில் ஆவியாவதுதான் சத்தமும் புகையும். அடுக்களைக்குப் பக்கத்து மேசையைவிடக் கடைசி மேசைக்குப் போகும் தட்டுக்கு ஈரம் சற்றுக் கூடுதலாக ஊற்றுவதுண்டு. போகும் வழியில் மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து 'எங்களுக்கும் ஒன்று' என்று சொல்ல வேண்டும் அல்லவா. குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தட்டை எட்ட வையுங்கள். சத்தம் அடங்கிய பிறகும் இரும்பு வெகுநேரம் சுடும்.

புகை வரும் பிஸ்கெட்டும் ஐஸ்கிரீமும் குழந்தை கேட்டு அடம்பிடிக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?

அது திரவ நைட்ரஜனாக இருந்தால் வேண்டாம். அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். முழுவதும் ஆவியாகிவிட்ட பிறகு நைட்ரஜனால் தீங்கில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். திரவத் துளி உணவில் ஒட்டியிருக்கும்போதே வாயில் போட்டால் நாக்கும் தொண்டையும் உறைந்து புண்ணாகும். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் வாயுவாக விரிந்து குடலையே கிழிக்கக்கூடும். 2024-இல் பெங்களூரில் புகை பீடா சாப்பிட்ட 12 வயதுச் சிறுமிக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்து அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையும் புகை பிஸ்கெட் போன்றவற்றைப் பற்றி எச்சரித்தது.

பானக் குவளையின் அடியில் புகைவதற்குப் பெரும்பாலும் உலர் பனிக்கட்டி பயன்படுத்துவார்கள். அதுவும் மைனஸ் 78 டிகிரி. துண்டு முழுவதும் கரையும் வரை குடிக்கக் கூடாது, துண்டை வாயில் போடவே கூடாது. புகை நின்ற பிறகு கொடுங்கள் என்று சொன்னால் நல்ல கடையில் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கபாபும் சில்லி சிக்கனும் அவ்வளவு சிவப்பாக இருப்பது மிளகாயாலா, சாயத்தாலா?

காஷ்மீர் மிளகாய்த்தூள் செங்கல் நிறம் தரும். வெந்தால் சற்று இருளும். விரலிலும் தயிரிலும் வெங்காயத்திலும் பளிச்சென்று ஒட்டும் ரோஜாச் சிவப்பு மிளகாயால் வராது. கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனிலும், ஜூனில் கபாப் வகைகளிலும் செயற்கை நிறமிகளைத் தடை செய்தது. தமிழகத்தில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தடை வந்தது. ஓசூர் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே வயிறுதான் என்பதால், நிறம் போடாமல் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கெட் பிரியாணி ஒரு கிலோ என்று வாங்கினோம், நான்கு பேருக்கே போதவில்லை. ஏமாற்றா?

ஏமாற்று என்று சொல்வதற்கு முன், எந்தக் கிலோ என்று கேட்டிருக்க வேண்டும். நம் வீட்டு விசேஷங்களில் பிரியாணி சமைக்கும் பண்டாரியிடம் 'ஐந்து கிலோ பிரியாணி' என்றால் ஐந்து கிலோ அரிசி என்று பொருள். ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு மேல் எடை கூடும், கறி அதற்கு மேல். சில கடைகள் இந்த அரிசிக் கணக்கில் விற்கின்றன. சில கடைகள் வெந்த பிரியாணியை எடை போட்டு ஒரு கிலோ என்கின்றன. இரண்டாம் வகை, கறியும் முட்டையும் சேர்ந்தே ஒரு கிலோ. அது மூன்று பேருக்குச் சரியாக இருக்கும், நான்கு பேர் என்றால் இழுபறிதான்.

வாளி என்பதே ஒரு காட்சிப் பொருள். அகலத்தைவிட உயரம் அதிகமாகத் தெரியும் பாத்திரத்தில் எதைப் போட்டாலும் நிறைய இருப்பதாகத் தோன்றும். அரிசியின் எடை, கறித் துண்டுகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அளவில்லாமல் சாப்பிடலாம் என்னும் பஃபே கடைகளுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

2006-இல் மும்பையில் முதல் கிளையைத் திறந்த பார்பிக்யூ நேஷன், மேசை நடுவில் தணல் அடுப்பும் அதன் பக்கத்தில் ஒரு குட்டிக் கொடியும் வைத்து இந்த முறையை நாடு முழுவதும் பழக்கியது. கொடி நிமிர்ந்திருக்கும் வரை கம்பியில் கோத்த ஸ்டார்ட்டர்கள் வந்துகொண்டே இருக்கும், போதும் என்றால் கொடியைச் சாய்க்க வேண்டும். விளையாட்டுப் போலத் தெரியும் இந்த ஏற்பாட்டில்தான் கணக்கு இருக்கிறது. முதலில் வருபவை உருளைக்கிழங்கு, சோளம், அன்னாசி, மாவு தோய்த்த கோழி. இறாலும் ஆட்டுக்கறியும் சற்றுத் தாமதித்து வரும். முக்கியச் சாப்பாட்டு மேசைக்கு எழுந்து போகும்போது முக்கால் வயிறு நிறைந்திருக்கும்.

பத்துப் பேர் கொண்ட குடும்பத்தில் இரண்டு இளைஞர்கள் கொடுத்த காசுக்கு மேல் சாப்பிடுவார்கள், பாட்டியும் குழந்தைகளும் கால் பங்குகூடச் சாப்பிட மாட்டார்கள். சராசரியில்தான் கடை வாழ்கிறது.

ராகி களியைக்கூட இப்போது சங்கிலிக் கடையில் விற்கிறார்கள். வீட்டுக் களி மாதிரி இருக்குமா?

நம் மாவட்டங்களில் பிறந்தவர்களுக்கு அது திருப்தி தராது. களிக்கு நொய் வெந்து, மாவு விழுந்து, துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி, கை நனைத்து உருட்டிய உடனே சாப்பிட வேண்டும். ஆறினால் மேல்தோல் இறுகிவிடும், மறுபடி சூடாக்கினால் பிசுபிசுக்கும். கோபுர தோசையைப் பற்றிச் சொன்ன பதிலில் உள்ள மையச் சமையற்கூடக் கணக்கில் இது அடங்காது. அதனால் எலுமிச்சை அளவுக்கு மூன்று உருண்டை உருட்டி, பித்தளைக் கிண்ணத்தில் வைத்து, மேலே கொத்தமல்லி தூவி, 'பாரம்பரியச் சிறுதானிய உருண்டை' என்று விற்கிறார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு சில இடங்களில் நன்றாகவே இருக்கிறது. அதைக் களிக்குப் பதில் தோசைக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். களி வேண்டுமானால் பென்னாகரம் சாலையில் மதியம் மட்டும் திறக்கும் கூரைக் கடைகளைத் தேடிப் போங்கள்.

மாங்கனி ஊரில் மாம்பழ ஷேக் இவ்வளவு விலையா? மேலே கேக், வேஃபர் எல்லாம் குத்தி வைத்திருக்கிறார்கள்.

ஜாடியின் மேல் தின்பண்டத்தைக் குவிக்கும் பாணி 2015-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு கஃபேயில் தொடங்கி உலகம் சுற்றியது. ஆண்டு முழுவதும் கிடைக்கும் மாம்பழ ஷேக் பழக்கூழில் செய்தது. அந்தக் கூழ் நம் கிருஷ்ணகிரி ஆலைகளிலேயே பெங்களூரா மாம்பழத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். மே முதல் ஜூலை வரை பழத்திலேயே அடித்துத் தரும்படி கேளுங்கள். கேக்கை விட்டுவிடலாம்.

பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் கலோரி எண் போட்டிருக்கிறது. யாராவது அதைப் பார்க்கிறார்களா?

பார்ப்பவர்கள் குறைவு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் பட்டியலில் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும் என்ற, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) விதி 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கூடவே, சுறுசுறுப்பான பெரியவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2,000 கிலோ கலோரி தேவை என்ற வரியும் இருக்க வேண்டும். குவித்த ஷேக்கையும் அடுக்குத் தட்டையும் அந்த எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டால் பசி தானாகவே அளவுக்கு வரும்.

பில்லில் ஜி.எஸ்.டி.யோடு சேவைக் கட்டணம் என்றும் போடுகிறார்கள். அலங்காரக் கடை என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். தனியாக இயங்கும் உணவகங்களுக்கு, குளிர்சாதனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2017 நவம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கடையின் ஆடம்பரத்தைப் பொறுத்து அது மாறாது. சேவைக் கட்டணம் என்பது அரசின் வரி அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது.

நீக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறிய பிள்ளைக்கு மனமுவந்து கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து கடையின் மாடியிலேயே தங்கி வேலை செய்பவர்கள் அவர்களில் பலர்.

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அழைத்துப் போனோம். சத்தம் தாங்கவில்லை, ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். எங்கே தவறு?

அம்மாவிடம் தவறில்லை. கண்ணாடி, டைல்ஸ், ஃபைபர் எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும் பொருட்கள். துணியும் மரமும் குறைவாக உள்ள கூடத்தில் பேச்சுச் சத்தமே இரைச்சலாகிவிடும். அதன் மேல் பாட்டும், பிறந்தநாள் மேசைக்குப் பணியாளர்கள் தட்டும் மேளமும் சேர்கின்றன. பெரியவர்களை அழைத்துப் போவதானால் வார நாளில், பன்னிரண்டு மணிக்கே போய், ஒலிபெருக்கியிலிருந்தும் அடுக்களைக் கதவிலிருந்தும் தள்ளியிருக்கும் சுவரோர மேசையைக் கேளுங்கள். கால் தொங்கும் உயர நாற்காலியும், எழுந்திருக்க முடியாத தாழ்ந்த மெத்தையும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இத்தனை ஜோடனைக்குப் பின்னால் அடுக்களை சுத்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அலங்காரத்தையே பாருங்கள், அது சொல்லிவிடும். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் நடுவிலுள்ள குடத்தில் சேரும் இடத்தை விரலால் தொடுங்கள். அங்கே வெறும் தூசி இருந்தால் துடைக்கவில்லை என்று பொருள். பிசுக்கோடு தூசி இருந்தால் அடுக்களைப் புகை கூடத்துக்குள் வருகிறது, புகைப்போக்கி சரியில்லை என்று பொருள். விளக்குக் கூடாகத் தொங்கும் மூங்கில் கூடைகளுக்கும், செயற்கைச் செடிகளின் இலை மடிப்புகளுக்கும் இதே சோதனைதான். அவை உங்கள் தட்டுக்கு நேர் மேலே தொங்குகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதினான்கு இலக்க உரிம எண் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கை கழுவும் இடத்தின் வடிகாலும், மேசை துடைக்கும் துணியின் நிறமும் மற்றதைச் சொல்லும். வாழை இலை போல் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளில் பரிமாறினால் எழுந்து வந்துவிடலாம். அது 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள்.

எங்கள் பழைய வீட்டுத் தூண், கதவு, வயலில் கிடக்கும் உருவக் கல் எல்லாவற்றையும் உணவக அலங்காரத்துக்குக் கேட்டு ஓர் ஆள் வருகிறார். விற்கலாமா?

வீட்டுச் சொத்தான மரத்தூணையும் கதவையும் விற்பது உங்கள் விருப்பம். ஆனால் நுணுக்கமான சிற்ப வேலை உள்ள பழம்பொருள் என்றால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் சட்டம் குறுக்கே வரும். நூறு ஆண்டுகளைக் கடந்த சிற்பங்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருபவை. அவற்றைப் பதிவு செய்ய வேண்டும், உரிமம் இல்லாதவர் வணிகம் செய்யக் கூடாது.

வயலில் கிடக்கும் உருவக் கல்லை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்களுக்கும் ஊரைக் காத்து மடிந்தவர்களுக்கும் நட்ட கற்கள் அவை. பலவற்றில் எழுத்தும் உண்டு. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்தால் உங்கள் வயல் கல்லின் உறவுகளை அங்கே காண்பீர்கள். வட்டாட்சியருக்கோ அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். கல் இருந்த இடத்திலிருந்து போய்விட்டால், எந்த ஊர் வீரன் என்ற செய்தியும் கூடவே போய்விடும். உணவகத்துக்கு நடுகல் தோற்றம் வேண்டுமானால் நாங்கள் ஃபைபரில் செய்து கொடுப்போம்.

தர்மபுரியில் சொந்தமாக ஒரு சிறிய உணவகம் தொடங்கப்போகிறேன். நானும் இப்படி அலங்காரம் செய்தால்தான் கூட்டம் வருமா?

எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புறவழிச்சாலையில் என்றால், மூன்றாவது கேள்விக்குச் சொன்ன காரணத்தால் முகப்பும் விளக்கும் வாகன நிறுத்தமும் கட்டாயம். ஊருக்குள் என்றால் உங்கள் வாடிக்கையாளர் வாரத்தில் மூன்று நாள் வருபவர். வண்டிச் சக்கரத்தை அவர் முதல் நாள் பார்ப்பார், பிறகு அது கண்ணில் படாது. குழம்பு மட்டும் தினமும் படும். ஒரு ரூபாய் பிரியாணி, பழைய நாணயத்துக்குப் பிரியாணி என்று திறப்பு விழா நடத்தினால் சாலை மறிக்கும் அளவுக்குக் கூட்டம் வரும். அதில் மறுவாரம் காசு கொடுத்துச் சாப்பிட வருபவர்கள் மிகக் குறைவு.

உங்களுக்குச் சங்கிலிகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: காலையில் சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அன்றைய குழம்பை மாற்றிக்கொள்ளும் உரிமை. அதற்கு ஏற்றபடி கடையை அமையுங்கள். அச்சிட்ட பட்டியலுக்குப் பதில் கரும்பலகை, மேசைகளுக்கு இடையே தாராளமான வழி, மேலிருந்து இலைக்கு நேராக விழும் வெள்ளை விளக்கு, எளிதில் கழுவக்கூடிய சுவர் ஆகியவை போதும். அலங்காரத்துக்கு என்று ஒதுக்கிய தொகையில் பாதியைப் புகைப்போக்கிக்கும் வடிகாலுக்கும் மாற்றுங்கள். தரை போடுவதற்கு முன்பே அந்த இரண்டையும் முடிவு செய்ய வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கூப்பிட்டால் உடைத்துத்தான் குழாய் போட முடியும், அதற்கான கூலி புதிதாகப் போடுவதைவிட அதிகம்.